ஃபேக்டோரியோவில் ரயில்: தண்டவாளம் போடுவதற்கு முன் தொடங்கி இரண்டாவது சுரங்கம் வரை

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரே உலகத்தில் ஃபேக்டோரியோ என்ற ஆலை கட்டும் கணினி விளையாட்டை விளையாடுகிறோம். புதிதாகச் சேர்கிறவர் ரயில் ஆராய்ச்சி முடிந்த கையோடு இன்ஜினைச் செய்துவிடுவார். அதை நிறுத்த இடம் தேடுவார், அப்புறம் பாதை போடுவார், கடைசியில் மிச்சம் இருக்கிற இடத்தில் சிக்னலைச் செருகுவார். "அண்ணே, வண்டி நகரமாட்டேங்குது" என்று செய்தி வந்தால், பெரும்பாலும் இந்தத் தலைகீழ் வரிசைதான் காரணமாக இருக்கும்.

கீழே இருப்பது சரியான வரிசை. 2.0 பதிப்பை வைத்து எழுதியிருக்கிறேன். 1.1 வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஸ்பேஸ் ஏஜ் என்ற கூடுதல் தொகுப்பில் வரும் மேம்பாலத் தண்டவாளத்தைத் தொடவில்லை. தரையில் ஓடும் ரயில் சரியாக ஓடிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

1. ரயில் இப்போதே வேண்டுமா?

முதல் இரும்புச் சுரங்கம் ஆலையை ஒட்டி இருக்கும் வரை பெல்ட் (பொருளை நகர்த்தும் ஓடுபட்டை) போதும். அது வற்றத் தொடங்கி, அடுத்த சுரங்கம் நானூறு ஐந்நூறு கட்டம் (விளையாட்டுத் தரையின் சதுரம்) தள்ளி இருக்கும்போதுதான் ரயில் கணக்குக்கு வரும்.

காரணம் எளிது. மஞ்சள் பெல்ட் நொடிக்கு 15 பொருள் கொண்டுவரும். இரும்புக்கு ஒன்று, தாமிரத்துக்கு ஒன்று, கரிக்கு ஒன்று என்று ஒவ்வொன்றையும் அத்தனை தூரம் இழுக்க வேண்டும். ஒரு ஜோடித் தண்டவாளம் போட்டுவிட்டால் எல்லாச் சரக்கும் அதிலேயே போகும். தாது பிடிக்கும் ஒரு வேகனில் 40 அறை, அறைக்கு 50 தாது, ஆக 2000. நான்கு வேகன் என்றால் 8000.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

சிவப்பு, பச்சை சயின்ஸ் (ஆராய்ச்சிக்குச் செலவாகும் பொருள்) இருந்தால் ரயில் ஆராய்ச்சியை முடிக்கலாம். அதன் பிறகு தானியங்கி ரயில் போக்குவரத்துக்கான ஆராய்ச்சியையும் முடித்துவிடுங்கள். ஸ்டேஷனும் சிக்னலும் அதில்தான் வருகின்றன (1.1-இல் சிக்னலுக்குத் தனி ஆராய்ச்சி). இது இல்லாமல் நீங்களே உட்கார்ந்து ஓட்டலாம், அவ்வளவுதான்.

ஒரு கல், ஒரு எஃகு, ஒரு இரும்புக் கம்பி போட்டால் இரண்டு தண்டவாளம் கிடைக்கும். நேர்ப்பாதையில் ஒரு தண்டவாளம் இரண்டு கட்டத்தை நிரப்பும். ஆக 500 கட்ட தூரத்துக்கு இரட்டைப் பாதை போட 500 தண்டவாளம், அதற்கு 250 கல், 250 எஃகு. ஓர் எஃகுக்கு ஐந்து இரும்புத் தகடு என்பதால் எஃகுக்கு மட்டுமே 1250 தகடு போய்விடும். இங்கேதான் பலர் பாதி வழியில் நிற்கிறார்கள். எஃகு உலைகளை முதலில் பெருக்குங்கள். தண்டவாளத்துக்கு ஓர் அசெம்ப்ளர் (பொருளைத் தானே செய்யும் இயந்திரம்) வைத்து அது பெட்டியில் கொட்டிக்கொண்டே இருக்கும்படி விட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

இன்ஜின் வண்டி ஒன்றுக்கு 20 என்ஜின் யூனிட், 10 பச்சை சர்க்யூட், 30 எஃகு. என்ஜின் யூனிட்டைக் கையால் செய்ய முடியாது, அசெம்ப்ளரில்தான் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 நொடி வேலை. முதல் நிலை அசெம்ப்ளர் பாதி வேகத்தில் ஓடுவதால் 20 யூனிட்டுக்கு 400 நொடி ஆகும். எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்கிவிட்டால், பாதை போட்டு முடிக்கும்போது இன்ஜினும் தயாராக இருக்கும்.

வேகனுக்கு 10 கியர், 20 இரும்புத் தகடு, 20 எஃகு. சிக்னலுக்கு ஒரு பச்சை சர்க்யூட்டும் 5 தகடும், செயின் சிக்னலுக்கும் (இது என்ன என்பது 6-ஆம் பகுதியில்) அதேதான். சிக்னலை எண்ணி எண்ணிச் செய்யாதீர்கள், தாராளமாகச் செய்து வையுங்கள். கையில் சிக்னல் தீர்ந்துபோன இடத்தில் "அப்புறம் வைக்கலாம்" என்று விட்ட சந்திப்புகள்தான் பின்னால் அடைத்துக்கொள்கின்றன.

3. ரயிலின் நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நீடாமங்கலத்தில் நெல் ஏற்றும் சரக்கு ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நாற்பது வேகன் கோத்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். ஒரு இன்ஜின், நான்கு வேகன் போதும். ஆலை சின்னது என்றால் ஒரு இன்ஜின், இரண்டு வேகன்.

இதை இப்போதே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டேஷனின் நீளம், காத்திருக்கும் பாதையின் நீளம், சந்திப்புக்கு வெளியே விடவேண்டிய இடம் ஆகிய மூன்றும் இந்த ஒரு எண்ணைப் பிடித்துத்தான் வரும். ஒவ்வொரு வண்டியும் இணைப்பையும் சேர்த்து 7 கட்டம். ஒரு இன்ஜின், நான்கு வேகன் என்றால் ஐந்தேழு முப்பத்தைந்து. இந்த 35-ஐ ஒரு காகிதத்தில் எழுதித் திரையில் ஒட்டிக்கொண்டால்கூட நல்லதுதான்.

முடிவு செய்த பின் எந்தச் சரக்குக்கும் அதை மாற்றாதீர்கள். கரிக்கு மட்டும் எட்டு வேகன் என்று ஒருவர் கோத்தால், 35 கட்டத்துக்கு அளந்து போட்ட ஒவ்வொரு சந்திப்பிலும் அந்த ஒரு ரயிலின் வால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்த கேள்வி, இன்ஜின் ஒரு முனையிலா, இரு முனையிலுமா? இரு முனையிலும் இருந்தால் பாதை முடியும் இடத்தில் அப்படியே திரும்பி வரலாம், சுற்றுப்பாதை தேவையில்லை. ஆனால் பின்னோக்கிப் பார்க்கும் இன்ஜின் இழுக்காது, வெறும் எடையாகத்தான் கூட வரும். நான் ஒரு முனை இன்ஜினைத்தான் சொல்வேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வளைவு போட்டுப் பிரதான பாதையோடு சேர்த்துவிட்டால், எல்லா ரயிலும் எப்போதும் முன்னோக்கியே ஓடும். சிக்னல் வைப்பதும் பாதி சுலபமாகிவிடும்.

4. பாதை: இரட்டையாக, ஒவ்வொன்றும் ஒருவழியாக

நம் பக்கத்துக்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை போகும் பாதை ஒற்றை. திருவாரூர் பக்கமும் அப்படித்தான். எதிர் ரயில் வரும்வரை ஸ்டேஷனில் காத்திருந்து கிராசிங் போட்டுப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். அதனால் விளையாட்டிலும் கை தானாக ஒற்றைப் பாதையைப் போட்டு, நடுநடுவே ஒதுங்கும் பாதை வைக்கிறது.

ஒரே ரயில் என்றால் அது ஓடும். இரண்டாவது ரயில் வந்ததும், இரண்டும் நேருக்கு நேர் நின்று ஒன்றுக்கொன்று வழிகேட்டுக்கொண்டு அப்படியே இருக்கும். நிஜப் பாதையில் இரு ஸ்டேஷன் மாஸ்டர்கள் பேசிக்கொண்டு ஒரு ரயிலை நிறுத்திவைக்கிறார்கள். விளையாட்டில் அந்த வேலை முழுவதும் சிக்னல் தலையில். ஒற்றைப் பாதையில் அதைச் சரியாக வைக்க அனுபவம் வேண்டும். இரண்டாவது பாதைக்கு ஆகும் 250 தண்டவாளம் அந்தத் தலைவலியைவிட மலிவு. முதல் நாளே இரட்டையாகப் போடுங்கள். ஒன்று போக, ஒன்று வர.

இதிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. திருச்சி–தஞ்சாவூர் போன்ற இரட்டைப் பாதையில் நம் ரயில் இடது பக்கம் ஓடும். ஃபேக்டோரியோவிலும் இடது பக்கம் ஓட்டலாம், தடை இல்லை. ஆனால் விளையாட்டில் சிக்னலும் ஸ்டாப்பும் (ஸ்டேஷனில் ரயில் நிற்கும் இடத்தைக் குறிக்கும் கம்பம்) எப்போதும் ரயில் போகும் திசைக்கு வலது கைப்பக்கம்தான் இருக்க வேண்டும். இடது ஓட்டத்தில் அந்த வலது பக்கம் இரண்டு பாதைகளுக்கும் நடுவில் வந்துவிடும். நடுவில் இடம் விடாமல் ஒட்டிப் போட்டவர் சிக்னலை வெளிப்பக்கம் வைப்பார். அது அந்தப் பாதையை எதிர்த்திசைக்கான ஒருவழியாக மாற்றிவிடும். ரயிலோ பாதை இல்லை என்று சொல்லும்.

பழக்கம் எதுவானாலும் முதல் முறை வலது பக்கமாக ஓட்டுங்கள். சிக்னல் எல்லாம் வெளியோரத்தில் வரும், கண்ணுக்கும் தெளிவாகத் தெரியும். இடதுதான் வேண்டும் என்றால் இரு பாதைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு கட்டம் விடுங்கள். நான் வலது ஓட்டத்திலும் நடுவில் நான்கு கட்டம் விடுவேன். பிறகு மின்கம்பம் நட அந்த இடம் உதவும்.

போடும் முறை: தண்டவாளத்தைக் கையில் எடுத்து, ஏற்கெனவே உள்ள பாதையின் முனையில் தெரியும் அம்பைச் சொடுக்கி, போக வேண்டிய திசையில் சுட்டியை நகர்த்தினால் பாதை தானே வளைந்து வரும். தூரமாகத் திட்டமிட ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டால் நிழல் வடிவம் விழும், ரோபோக்கள் இருந்தால் பிறகு நிரப்பிக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் பழைய வரைபடங்களை (கட்டியதை நகலெடுத்து ஒட்டும் ப்ளூபிரிண்ட்) ஒட்டும்போது கவனம் வேண்டும். 2.0-இல் வளைவுகளின் வடிவம் மாறிவிட்டது, 1.1 காலத்து வரைபடம் உங்கள் பாதையோடு ஒத்துப்போகாது.

தண்ணீர் குறுக்கே வந்தால் சுற்றிப் போங்கள், அல்லது நிலம் நிரப்புங்கள். பாறை முகடு என்றாலும் முதலில் சுற்றிப் போவதுதான் மலிவு. பாதையைக் கடக்கும்போது இரு பக்கமும் பாருங்கள். ரயில் உங்களுக்காக நிற்காது.

5. ஸ்டேஷன்

பிரதான பாதையின் மேலேயே ஸ்டாப் வைக்கக்கூடாது. சரக்கு ஏற்றிக்கொண்டு நிற்கும் ரயில் பின்னால் வரும் அத்தனையையும் நிறுத்திவிடும். பாதையிலிருந்து ஒரு கிளை பிரியட்டும், அதில் 35 கட்டம் நேராக இருக்கட்டும், பிறகு வளைந்து பிரதான பாதையில் சேரட்டும். ஏற்றும் பகுதி முழுவதும் நேராக இருப்பது முக்கியம். வேகன் வளைவில் நின்றால் இன்செர்ட்டருக்கு (பொருளை எடுத்து வைக்கும் இயந்திரக் கை) எட்டாது.

அந்த 35 கட்டத்துக்கு முன்னால் இன்னொரு 35 கட்டத்தையும் இப்போதே விட்டுவையுங்கள். இரண்டாவது ரயில் வந்து காத்திருக்க அது வேண்டும். இன்றைக்குத் தேவையில்லைதான். ஆனால் பெட்டியும் பெல்ட்டும் வைத்த பிறகு ஸ்டேஷனைத் தள்ளிப்போடுவது பெரிய வேலை.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். கிளையைப் போட்டு, ரயில் நிற்கவேண்டிய இடத்தின் முன் முனையில், போகும் திசைக்கு வலது பக்கம் ஸ்டாப்பை வையுங்கள். இன்ஜினையும் வேகன்களையும் அதே பாதையில் வைத்து, இன்ஜினின் மூக்கு சரியாக ஸ்டாப்பில் நிற்கும்படி நிறுத்துங்கள். அதன் பிறகே வேகன் நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து இன்செர்ட்டர் வையுங்கள். ரயில் இல்லாமல் மனக்கணக்கில் இன்செர்ட்டர் வரிசை போட்டால், ஒரு கட்டம் தள்ளிப்போய் வேகன்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் ஒன்று சும்மா நிற்கும்.

ஒரு வேகனுக்கு ஒரு பக்கம் 6 இன்செர்ட்டர் வைக்கலாம். பெல்ட், இன்செர்ட்டர், பெட்டி, இன்செர்ட்டர், வேகன் என்று வரிசை வரட்டும். பெட்டி எதற்கு? ரயில் இல்லாத நேரத்திலும் சுரங்கம் நிற்காமல் தோண்டிப் பெட்டியில் சேர்த்துவைக்கும். ரயில் வந்ததும் பெட்டியிலிருந்து வேகமாக ஏறிவிடும். பெல்ட்டிலிருந்து நேராக வேகனுக்கு ஏற்றினால் பெல்ட்டின் வேகத்துக்குத்தான் ரயில் கிளம்பும்.

பெட்டிக்கும் வேகனுக்கும் நடுவில் வேக இன்செர்ட்டர் வையுங்கள். இன்செர்ட்டரின் திறனைக் கூட்டும் ஆராய்ச்சி எதுவும் செய்யாத நிலையில், சாதா இன்செர்ட்டர் ஆறு சேர்ந்து 2000 தாது ஏற்ற 400 நொடி அளவு ஆகும். வேக இன்செர்ட்டர் ஆறு என்றால் 145 நொடி. பெல்ட்டிலிருந்து பெட்டிக்குச் சாதாவே போதும்.

பெட்டியின் அளவைக் கட்டுப்படுத்துங்கள். எஃகுப் பெட்டியில் 48 அறை, அதாவது 2400 தாது. வேகனுக்கு 6 பெட்டி, நான்கு வேகனுக்கு 24 பெட்டி. எல்லாம் நிரம்ப 57,600 தாது வேண்டும். முதல் வரிசைப் பெட்டிகள் வயிறு முட்ட நிரம்பும் வரை கடைசி வேகனுக்கு ஒன்றும் போகாது. பெட்டியைத் திறந்து மூலையிலுள்ள சிவப்புக் குறியைச் சொடுக்கி, 7 அறையோடு நிறுத்துங்கள். 7 அறைக்கு 350, ஆறு பெட்டிக்கு 2100, ஒரு வேகனுக்குச் சரியாகப் போதும். ஒரு பெட்டியில் அமைத்துவிட்டு ஷிஃப்ட்டோடு வலது சொடுக்கில் நகலெடுத்து, ஷிஃப்ட்டோடு இடது சொடுக்கில் மற்றவற்றில் ஒட்டிக்கொண்டே போகலாம்.

சுரங்கத்திலிருந்து வரும் பெல்ட்டை ஸ்ப்ளிட்டரால் இரண்டாக்கி, அந்த இரண்டையும் மறுபடி இரண்டாக்கினால் மூன்றே ஸ்ப்ளிட்டரில் நான்கு வேகனுக்கும் சமமாகப் பிரியும். இதைச் செய்யாமல் ஒரே பெல்ட்டை நான்கு வேகனையும் ஒட்டி ஓடவிட்டால், முன்னால் இருக்கும் பெட்டிகள் எடுத்துக்கொண்டது போக மீதிதான் கடைசி வேகனுக்கு. மூன்று வேகன் நிரம்பி, நான்காவதுக்காக ரயில் காத்துக்கிடக்கும்.

இறக்கும் ஸ்டேஷன் இதன் தலைகீழ். வேகனிலிருந்து பெட்டிக்கு வேக இன்செர்ட்டர், பெட்டியிலிருந்து பெல்ட்டுக்கும் வேகமானதே வையுங்கள். இறக்கும் இடத்தில் ஒரே ரயிலில் இரண்டு சரக்கைக் கலப்பதை முதல் ரயிலில் செய்யாதீர்கள். தாமிரம் போக வேண்டிய பெட்டியில் நாலு கரி விழுந்தால் அந்த வரிசை முழுக்க அடைத்துக்கொள்ளும்.

எண்ணெய் என்றால் திரவ வேகன். பெட்டி, இன்செர்ட்டருக்குப் பதில் வேகனை ஒட்டிப் பம்பும் டேங்கும் வரும். பம்பு வேகனின் இணைப்புப் புள்ளிக்கு நேராக அமைய வேண்டும் என்பதால், இங்கேயும் ரயிலை நிறுத்திவைத்துவிட்டே பம்பை வையுங்கள்.

6. சிக்னல்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு திருத்தலாம். சிக்னல் தவறினால் ஒரு நாள் நன்றாக ஓடிவிட்டு, நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போது ஆலையே நிற்கும்.

சிக்னல் தண்டவாளத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரே ரயில். சிக்னலைக் கையில் எடுத்தாலே ஒவ்வொரு பிளாக்கும் தனி நிறத்தில் தெரியும். அந்த நிறக்கோடுகளைப் பார்க்காமல் ஒரு சிக்னலும் வைக்காதீர்கள். இரு பாதைகள் ஒரே நிறத்தில் தெரிந்தால் எங்கோ அவை ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன, ஒன்றில் ரயில் இருக்கும்போது மற்றதில் போக முடியாது என்று பொருள்.

சாதா சிக்னல் ஒரே கேள்வி கேட்கும்: எனக்கு அடுத்த பிளாக் காலியா? காலி என்றால் பச்சை, ரயில் இருந்தால் சிவப்பு, வரப்போகும் ரயிலுக்காக ஒதுக்கியாகிவிட்டது என்றால் மஞ்சள். செயின் சிக்னல் கூடவே இன்னொன்றும் கேட்கும்: இதைத் தாண்டி அடுத்து இருக்கும் சிக்னலும் எனக்கு வழிவிடுமா? விடாது என்றால், முன்னால் இருக்கும் பிளாக் காலியாக இருந்தாலும் ரயிலை உள்ளே விடாது. முன்னே பாதை பிரிந்து, ஒரு வழி திறந்தும் ஒரு வழி அடைத்தும் இருந்தால் நீல நிறம் காட்டும்.

நீடாமங்கலம் கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இது உடனே புரியும். கேட் திறந்துவிட்டது என்பதற்காக வண்டியை உள்ளே விடக்கூடாது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நம் வண்டி முழுசாக நிற்க இடம் இருந்தால்தான் நகர வேண்டும். சாதா சிக்னல் கேட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். செயின் சிக்னல் அந்தப் பக்கத்து இடத்தையும் பார்க்கும்.

இதிலிருந்து விதி: சந்திப்புக்குள் நுழையும் ஒவ்வொரு வாயிலிலும் செயின், வெளியேறும் ஒவ்வொரு வாயிலிலும் சாதா. பாதைகள் சேரும் இடம், பிரியும் இடம், குறுக்கே வெட்டும் இடம் எல்லாமே சந்திப்புதான். சந்திப்பு பெரிதாக இருந்தால், ஒன்றையொன்று தொடாத ஓட்டங்கள் சேர்ந்து நடக்கும்படி உள்ளேயும் செயின் வைத்துப் பிரிக்கலாம். உள்ளே சாதா மட்டும் வேண்டாம்.

விதியின் இரண்டாம் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெளியேறும் சாதா சிக்னலுக்கும் அதற்கு அடுத்த சிக்னலுக்கும் நடுவில் ஒரு முழு ரயில் நிற்க வேண்டும், நம் கணக்கில் 35 கட்டம். இருபது கட்டத்தில் அடுத்த சிக்னலை வைத்துவிட்டால், அந்த பிளாக் காலி என்று செயின் நம்பி ரயிலை விடும். ரயில் அடுத்த சிக்னலில் நிற்கும், வால் சந்திப்புக்குள் கிடக்கும். செயின் வைத்தும் அடைத்துக்கொள்கிறது என்று கேட்பவர்களின் வரைபடத்தில் நான் முதலில் அளப்பது இந்தத் தூரத்தைத்தான்.

நேர்ப்பாதையில் 35 கட்டத்துக்குக் குறையாமல் சாதா சிக்னல் வைத்துக்கொண்டே போகலாம். நெருக்கமாக வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக அதிக ரயில் ஓடும். மூன்று நான்கு ரயில்தான் என்றால் நூறு கட்டத்துக்கு ஒன்று போதும்.

ஸ்டேஷன் கிளைக்கு வருவோம். கிளை பிரியும் இடத்துக்கு முன்னால் பிரதான பாதையில் செயின். பிரிந்ததும் கிளையில் ஒரு சாதா, பிரதான பாதையில் ஒரு சாதா. காத்திருக்கும் 35 கட்டம் முடிந்து ஏற்றுமிடம் தொடங்கும் இடத்தில் ஒரு சாதா. ஏற்றுமிடம் முடிந்து பிரதான பாதையில் சேரும் முன் ஒரு செயின். சேருமிடத்துக்கு முன்னால் பிரதான பாதையிலும் ஒரு செயின், சேர்ந்த பிறகு ஒரு சாதா. இவ்வளவுதான். இரண்டு கிளைகள் ஒரே இடத்தில் சேர்ந்தாலும் இதே வரிசைதான்.

புதியவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு வகை. முதல் வகை, எல்லா இடத்திலும் சாதா. இதில் ரயில்கள் சந்திப்பு நடுவில் நின்று ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். இரண்டாம் வகை, பயந்துபோய் எல்லா இடத்திலும் செயின். இதில் மோதலும் இல்லை, பூட்டும் இல்லை. ஆனால் ஸ்டேஷனில் ஒரு ரயில் ஏற்றிக்கொண்டிருந்தால், அடுத்த ரயில் எங்கோ தொலைவில் பிரதான பாதையிலேயே நின்றுவிடும், அதன் பின்னால் மற்றவையும்.

ரவுண்டானா போடும் ஆசை எல்லோருக்கும் வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சின்ன வட்டத்துக்குள் சேருமிடமும் பிரியுமிடமும் நெருங்கி வருவதால் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகும். மூன்று வழிச் சந்திப்பாகவே போட்டுப் பழகுங்கள். நான்கு வழி தேவைப்பட்டால் மூன்று வழிச் சந்திப்பு இரண்டை இடைவெளி விட்டுப் போடலாம்.

7. பெயரும் ஷெட்யூலும்

எங்கள் உலகத்தில் ஒரு தம்பி ஸ்டேஷன்களுக்குத் தஞ்சாவூர், சாலியமங்கலம், அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர் என்று வரிசை தவறாமல் பெயர் வைத்திருந்தான். படிக்க ஆசையாகத்தான் இருந்தது. இரண்டாவது இரும்புச் சுரங்கம் வந்ததும் அத்தனை ஷெட்யூலையும் கையால் திருத்த வேண்டியதாயிற்று.

ஊர்ப்பெயர் வைக்காதீர்கள், சரக்கின் பெயரை வையுங்கள். இரும்பு ஏற்றும் எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே பெயர், இறக்கும் எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே பெயர். "இரும்பு ஏற்று", "இரும்பு இறக்கு" என்று புரிகிற மாதிரி இருந்தால் சரி. ஒரே பெயரில் நான்கு ஸ்டேஷன் இருந்தால், எதில் இடம் இருக்கிறதோ, எதற்குப் போகும் வழி சுலபமோ அதற்கு ரயில் தானே போகும். புதிய சுரங்கம் திறந்தால் அதே பெயரில் ஸ்டாப் வைத்தால் போதும், ஷெட்யூலைத் தொடவே வேண்டாம்.

ஷெட்யூலில் இரண்டே வரி. ஏற்றும் இடத்தில் சரக்கு நிரம்பும் வரை, இறக்கும் இடத்தில் காலியாகும் வரை. நேரம் வைத்துக் கிளப்புவதைத் தவிருங்கள். முப்பது நொடியில் கிளம்பு என்றால் கால்வாசி வேகனோடு ரயில் பாதையை அடைத்துக்கொண்டு போய்வரும். 2.0-இல் ரயில்களை ஒரு குழுவில் சேர்த்துவிட்டால் ஷெட்யூல் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும்.

ஸ்டாப்பில் ரயில் வரம்பை மறக்காமல் வையுங்கள். அங்கே நிற்பதும் அங்கே வந்துகொண்டிருப்பதும் சேர்ந்து எத்தனை ரயில் என்பதே இந்த எண். ஏற்றுமிடம் ஒன்று, காத்திருக்குமிடம் ஒன்று என்றால் வரம்பு 2. வரம்பு இல்லாவிட்டால் எல்லா ரயிலும் பக்கத்துச் சுரங்கத்துக்கே ஓடி, கிளைக்கு வெளியே பிரதான பாதையில் வரிசை கட்டும்.

எத்தனை ரயில் வாங்கலாம்? ஒரு சரக்குக்கான ஏற்றும் வரம்புகளையும் இறக்கும் வரம்புகளையும் கூட்டுங்கள். அதைவிட ஒன்றாவது குறைவாக ரயில் இருக்க வேண்டும். ஏற்ற 2, இறக்க 2 என்றால் மூன்று ரயில். நான்கு விட்டால் இரண்டு பக்கமும் நிரம்பி, போக இடமில்லாமல் எல்லாம் அப்படியே நிற்கும்.

உண்மையில் மூன்றும் தேவைப்படாது. 8000 தாது ஒரு மஞ்சள் பெல்ட்டை 533 நொடி, அதாவது ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, முழுதாக ஓட்டும். ரயில் போய் ஏற்றிக்கொண்டு வந்து இறக்க அதைவிடக் குறைந்த நேரம் ஆனால் ஒரு ரயிலே ஒரு பெல்ட்டுக்குப் போதும். தாது போதவில்லை என்றால் இரண்டாவது ரயிலுக்கு முன் சுரங்கத்தில் எத்தனை டிரில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எரிபொருளை ஸ்டேஷனிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜினில் மூன்று அறை, 150 கரி பிடிக்கும். முழு விசையில் தொடர்ந்து ஓடினால் அது 1000 நொடிக்கு வரும். இறக்கும் ஸ்டேஷனில் இன்ஜின் நிற்கும் இடத்தை ஒட்டிக் கரிப்பெட்டியும் ஒரு இன்செர்ட்டரும் வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அதுவே நிரப்பும். கரி தீர்ந்து பிரதான பாதையில் நின்ற ரயிலைத் தேடிப் போகும் வேலை மிச்சம். திட எரிபொருள் செய்யத் தொடங்கியதும் அதற்கு மாறுங்கள், கரியைப்போல மூன்று மடங்கு தாங்கும். ரயில்கள் பெருகிய பிறகு, எரிபொருள் குறைந்தால் மட்டும் தனி ஸ்டேஷனுக்குப் போய்வரும்படி 2.0-இன் இன்டரப்ட்டில் (ஷெட்யூலை இடையில் மாற்றும் வசதி) அமைக்கலாம்.

8. முதல் ஓட்டம்

ஒரே ரயிலை விடுங்கள். தானியங்கி நிலைக்கு மாற்றி, ஒரு முழுச் சுற்று கூடவே உட்கார்ந்து போய்வாருங்கள். எங்கே தேவையில்லாமல் வேகம் குறைகிறது, எந்த வேகன் கடைசியில் நிரம்புகிறது என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு இரண்டாவது ரயிலை விட்டு, ஒன்று ஸ்டேஷனில் நிற்கும்போது மற்றது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காத்திருக்கும் 35 கட்டத்துக்குள் நின்றால் சரி. பிரதான பாதையில் நின்றால் வரம்பு எண்ணோ சிக்னலோ பிசகியிருக்கிறது.

பாதை இல்லை என்று காட்டினால் இந்த வரிசையில் தேடுங்கள். இன்ஜின் எந்தப் பக்கம் பார்க்கிறது? ஸ்டாப் வலது பக்கம்தானா? வழியில் ஏதாவது ஒரு சிக்னல் எதிர்ப்பக்கம் இருக்கிறதா? அதன் பிறகு தண்டவாளத்தில் இடைவெளி. இரண்டு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இணையாமலே இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ரயிலை நீங்களே மெல்ல ஓட்டிப் போனால் இணையாத இடத்தில் நின்றுவிடும்.

சேருமிடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டினால் அது பழுது இல்லை. வரம்பு தன் வேலையைச் செய்கிறது. ஆனால் எல்லா ரயிலும் அதையே காட்டினால் மேலே சொன்ன கூட்டலைத் திரும்பப் போடுங்கள்.

இரண்டு மூன்று ரயில் சந்திப்பில் பூட்டிக்கொண்டால் சிக்னலைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பிளாக்குகள் கலந்து, பிறகு எது தவறு என்றே தெரியாது. ஒரு ரயிலில் ஏறிக் கையோட்டத்துக்கு மாற்றி, பின்னோக்கி ஓட்டி வழிவிடுங்கள். மற்றவை தானே கிளம்பிவிடும். அது எந்த சிக்னலைத் தாண்டி நின்றிருந்தது என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு நுழைவில் செயின் இருக்கிறதா, வெளியே 35 கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

9. இரண்டாவது சுரங்கமும் வற்றிப்போன முதல் சுரங்கமும்

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டேஷனை அப்படியே வரைபடமாக எடுத்துப் புதிய சுரங்கத்தில் ஒட்டுங்கள். பெயர், வரம்பு, பெட்டியின் 7 அறை எல்லாம் கூடவே வரும். கிளை சேரும் இடத்தின் சிக்னலை மட்டும் கையில் சிக்னலோடு நின்று நிறம் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

பழைய சுரங்கம் வற்றும்போது ஒரு சிக்கல் வரும். நிரம்பும் வரை நில் என்று சொல்லியிருப்பதால் ஒரு ரயில் அங்கே காலங்காலமாக நிற்கும். ஸ்டாப்பின் வரம்பை 0 ஆக்குங்கள். ஏற்கெனவே கிளம்பியது வந்துசேரும், புதிதாக எதுவும் வராது. நிற்கும் ரயிலின் ஷெட்யூலைத் திறந்து இறக்கும் ஸ்டேஷனைச் சொடுக்கி அனுப்பிவிடுங்கள். கிளை காலியான பிறகு பெட்டியில் மிச்சமிருக்கும் தாதுவை எடுத்துக்கொண்டு ஸ்டாப்பை நீக்கலாம். கிளையின் தண்டவாளத்தையும் பிரிக்கும் கருவியால் சுருட்டி எடுத்துக்கொண்டால் அடுத்த சுரங்கத்தின் கிளைக்கு அதுவே ஆகிவிடும்.